ரபீக்காவின் பிஸ்கட் பேணி

ஸஹாப்தீன் முதலாளிக்கு மைக்கைக் கண்டால் ஊத வேண்டும். நாலு தரம் ஊதுவார், இரண்டு தரம் விரலால் தட்டுவார், பிறகு "ஹலோ, ஹலோ" என்பார். திருகோணமலையில் அவருடைய ஒலிபெருக்கி போகாத கோயில் திருவிழா இல்லை, மீலாத் விழா இல்லை, தேர்தல் கூட்டம் இல்லை. அத்தனை இடத்திலும் அவர் செய்த வேலை இந்த ஊதலும் தட்டலும்தான். அதற்கு ஒரு வெள்ளைச் சப்பாத்து, எண்ணெய் வடிய வாரிய தலை, சட்டைப் பையில் இரண்டு பேனா. எழுத வேண்டிய வேலை எதுவும் அவருக்கு இருந்ததில்லை.

குரலும் பெரிய குரல் இல்லை. மைக் இல்லாமல் பேசினால் கீச்சென்று இருக்கும், பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. குழாய்கள் பெரிதாக்கிக் கொடுத்ததால் அது தன் குரல்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

நான் ஆனந்தராசா. 1962 முதல் பதினான்கு வருடம் அவரிடம் அம்ப்ளிபையருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். அவரை ஏசுவதற்கு முன் என்னையும் கொஞ்சம் ஏசிக்கொள்கிறேன். அந்த வீட்டில் உண்மையாக வேலை செய்தது யார் என்று எனக்கு முதல் வாரமே தெரியும். தெரிந்தும் வாயைப் பொத்திக்கொண்டு சம்பளம் வாங்கினேன்.

வேலை செய்தவர் அவருடைய மனைவி ரபீக்கா. அந்த வீட்டு வழக்கப்படி நானும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், அக்கா என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல். மூதூரில் பிறந்தவர். கலியாணத்துக்கென்று அவருடைய வாப்பா நகரத்தில் கடற்கரை ஒழுங்கையில் ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறினார். ஆக, வீடு ராத்தாவுடையது. அதன் முன்சுவரில் மூன்று நிறத்தில் எழுதித் தொங்கிய பலகையில் மட்டும் 'ஸஹாப்தீன் ஒலிபெருக்கிச் சேவை' என்று இருந்தது. பலகைக்கு ஆணி அடித்ததும் ராத்தாதான்.

மற்ற ஊர்களில் ஒலிபெருக்கி வைத்திருப்பவனுக்கு மழைதான் எதிரி. எங்களுக்குக் காற்றே எதிரி. இங்கே எந்தத் திடலில் மேடை போட்டாலும் ஏதோ ஒரு பக்கத்தில் கடல் இருக்கும். அந்தக் காற்று பித்தளையைத் தின்னும். மைக் வயரின் இரண்டு முனையிலும் இருக்கிற பிளக்கை ஒரு கிழமை சும்மா போட்டுவைத்தால் பச்சை பூத்துவிடும். பூத்த பிளக்கைச் செருகினால் கரகரப்பு, கொஞ்சம் அசைந்தால் மௌனம். அப்போது மேடையில் நிற்கிற பெரிய மனிதர் திரும்பி அம்ப்ளிபையர்காரனை முறைப்பார். தன் கையால் வயரை இழுத்து முறுக்கியதையும், சப்பாத்துக் காலால் அதன் மேல் ஏறி நின்றதையும் எந்தப் பெரிய மனிதரும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. நீட்டி முழக்கத் தெரிந்த அளவுக்குக் காலைத் தூக்கி வைக்கத் தெரியாதவர்கள்.

1959இல், நான் வருவதற்கு முன், ஒரு கலியாண வீட்டில் மைக் ஊமையாகி முதலாளி ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தாராம். வயரை முற்றத்தில் எறிந்துவிட்டுப் படுத்துவிட்டார். ராத்தா அதை எடுத்துப் பார்த்தார். கலியாணத்துக்கு முன் தையல் மெசின் வைத்து மூதூரில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்தவர் அவர். கடற்காற்றில் ஊசி துருப்பிடிக்காமல் இருக்க வறுத்த அரிசிக்குள் புதைத்து வைப்பார். ஊசிக்குச் சரியென்றால் பிளக்குக்கும் சரி என்று யோசித்திருக்கிறார். அந்த யோசனையில்தான் அந்தச் சேவை இருபது வருடம் ஓடியது.

நான் பார்த்த காலத்தில் அது ஒரு ஒழுங்காகிவிட்டிருந்தது. விழா முடிந்து வயர்கள் வீட்டுக்கு வந்ததும், ராத்தா பாய் விரித்து உட்காருவார். பிளக்கின் மூடியைத் திருகிக் கழற்றுவார். உள்ளே ஈயம் வைத்து ஒட்டிய இடம் விட்டிருக்கிறதா என்று ஊசியால் தொட்டுப் பார்ப்பார். பச்சை பூத்திருந்தால் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற றப்பரால் மெதுவாகத் தேய்ப்பார். சொரசொரப்பான மண் தாளைத் தொடவே மாட்டார். மேலே பூசியிருக்கிற பளபளப்பு போய்விட்டால் அடுத்த முறை பச்சை இரட்டிப்பாக வரும் என்பார். பிறகு ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி, மருந்துக் கடையில் வாங்கிய ஸ்பிரிட்டில் தோய்த்து, துவாரம் துவாரமாகத் துடைப்பார். தண்ணீர் ஒரு துளி படக் கூடாது. காய்ந்ததும் வறுத்த அரிசி போட்ட தகரப் பிஸ்கட் பேணிக்குள் வைத்து மூடி, மூடியைச் சுற்றிச் சைக்கிள் டியூப்பில் வெட்டிய வளையத்தை இறுக்கிவிடுவார். தான் மீண்டும் ஈயம் வைத்த பிளக்குக்குச் சிவப்பு நூல் கட்டுவார். பேணிக்குள் வைக்குமுன் வயரை என்னிடம் தந்து, "ஆட்டிப் பாருங்க தம்பி" என்பார். நான் செருகி ஆட்டுவேன். ஒரு கரகரப்பு வந்தாலும் திரும்பப் பாய் விரிப்பார்.

இந்த வேலை நடக்கும்போது முதலாளி எங்கே என்று கேட்பீர்கள். சந்திக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு, தன் பிளக்குகள் ஏன் பூப்பதில்லை என்ற இரகசியத்தை மேசைக்கு மேசை விளக்கிக்கொண்டிருப்பார். அந்தப் பாய்க்குப் பக்கத்தில் அவர் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. எப்படித் துடைக்கிறாய் என்று ஒரு சொல் கேட்டதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ராத்தா இதற்கெல்லாம் கோபித்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு விசயம் அவருக்குச் சுட்டது. மூதூரில் அவருடைய உம்மா மைமூனா இருந்தார். காது மந்தமான மனுசி, ஆனால் வாய் மந்தமில்லை. மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்.

"அந்த மனுசன் வெயிலிலயும் மழையிலயும் உழைக்கிறான். நீ திண்டுபோட்டு இரிக்கிறாய். உனக்கு வாய்ச்ச அதிஷ்டம் எவளுக்கு வாய்க்கும்?"

ராத்தாவின் நாநா சரீபும், அதாவது மூத்த சகோதரனும், அதையே சொல்வார். ராத்தா ஒரு முறை உம்மாவிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். உம்மா சிரித்துவிட்டு, "புருசன்ட பேரைப் பறிக்கப் பாக்காத புள்ள" என்றார். அன்றிலிருந்து ராத்தாவுக்கு ஒரு ஆசை. முதலாளி தன் வாயால், உம்மாவுக்குக் கேட்கும்படி, அந்த வேலை யாருடையது என்று ஒரு தரம் சொல்ல வேண்டும். என்னிடம் அதை நேரடியாகவே சொன்னார். நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. ஒரு வசனம் கேட்டார், அதுவும் உண்மையான வசனம். அதைத்தான் கொடுக்க அந்த மனிதருக்கு மனம் வரவில்லை.

1976ஆம் ஆண்டு மூதூரிலிருந்து கடிதம் வந்தது. சரீப் நாநா செயலாளராக இருந்த ஒரு கலை மன்றம் பத்தாவது ஆண்டு விழா எடுக்கிறது. திறந்த வெளி மேடை, நாடகம், பாட்டு. நாடகத்துக்கு முன்னால் ஸஹாப்தீன் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி 'ஒலிச்செம்மல்' என்று பட்டம் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பட்டம் கொடுப்பது ஒரு காய்ச்சல் போலப் பரவியிருந்தது. கவிதை எழுதாதவன் கவிமணி, நாலு பேருக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தவன் கொடைவள்ளல். ஆகவே முதலாளி செம்மல் ஆனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

விழாவுக்கு முதல் நாள் ஏற்புரையை எழுத என்னை உட்கார வைத்தார். கதிரையில் சாய்ந்துகொண்டு அவர் சொன்னார், நான் எழுதினேன்.

"ஒவ்வொரு பிளக்கையும் என் கைகளாலேயே துடைத்து, ஒரு தாயைப் போலப் பராமரித்து வருகிறேன். எழுதிட்டியா தம்பி?"

"ஓம் முதலாளி."

ராத்தா குசினியிலிருந்து வந்து கதவடியில் நின்றார். "அந்த வசனத்தில என்ட பேரைப் போடுங்க" என்றார், என்னிடமல்ல, அவரிடம்.

"பொம்புளையிட பேர மேடையில வாசிக்கிறதா? சனம் என்னப் பாத்துச் சிரிக்கும்."

"உம்மா வருவா. அவக்குக் கேக்க ஒருக்காச் சொன்னாப் போதும்."

"தொடைக்கிறது ஒரு வேலையா புள்ள? துணி இருந்தா எவனும் தொடைப்பான்."

ராத்தா சண்டை போடவில்லை. "அப்ப சரி, இந்த முறை நீங்களே தொடைச்சிக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மூன்று மைக் வயர்கள் இருந்தன. மூன்றையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார்.

மறுநாள் காலை முதலாளி கிணற்றடியில் குந்தியிருந்ததைக் கண்டேன். அவருக்கு முன்னால் ஒரு சிரட்டையில் கரைத்த புளி, இன்னொன்றில் அடுப்புச் சாம்பல். மனைவி எதையாவது தேய்த்து அவர் பார்த்தது வெற்றிலை வைக்கிற பித்தளை வட்டாவை மட்டும்தான். வட்டாவுக்குப் புளியும் சாம்பலும், பிளக்கும் பித்தளை, ஆகவே புளியும் சாம்பலும். ஒலிச்செம்மலின் கல்வி அவ்வளவுதான். ஆறு பிளக்குகளையும் தும்பு போட்டுத் தேய்த்தார், கிணற்றுத் தண்ணீரை வாளியோடு ஊற்றினார், உடுத்திருந்த சாரத்தில் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். தங்கம் போல மினுங்கின.

"பாத்தியா தம்பி? இவள் ஒரு நாளாவது இப்பிடி மினுக்கியிருப்பாளா?"

புளி உள்ளே இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பயத்தாலல்ல, பார்க்க வேண்டும் என்ற ஆசையால். அதற்காக இன்றுவரை நான் வெட்கப்படவில்லை.

மினுங்கிய பிளக்குகளை அவர் பேணிக்குள் வைக்கவில்லை. பிஸ்கட் பேணியோடு விழாவுக்குப் போவது செம்மலுக்கு அழகா? ராத்தாவின் நெக்லஸ் வந்த வெல்வெட் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி, வயர்கள் வெளியே தொங்க, மூடியைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு மூதூர் லோஞ்சுப் படகில் ஏறினார். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். கொட்டியாரக்குடா அன்று கொஞ்சம் பொங்கியிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் உப்புத் தண்ணீர் எல்லார் மேலும் தெறித்தது, பெட்டிக்குள்ளும் தெறித்தது. ராத்தா பெண்கள் பக்கத்தில் தன் பழைய பிஸ்கட் பேணியை மடியில் வைத்திருந்தார். உள்ளே என்ன என்று கேட்டேன். பழுதென்று ஒதுக்கிப் போட்ட நாலாவது வயரை எடுத்து, இரண்டு பிளக்கும் புதிதாக ஈயம் வைத்துத் துடைத்திருக்கிறார். "என்ட ஊர் விழா தம்பி. அது பழுதாகப்படாது" என்றார்.

பின்னேரம் நாலு மணிக்கு விழா தொடங்கியது. மேடைக்குப் பக்கத்தில் அம்ப்ளிபையர் மேசை. அதற்கு ஒட்டினாற் போலத் தென்னோலை பின்னிய கிடுகு மறைப்பு, மறைப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள். கிடுகு இடுக்கால் முன்வரிசையில் ராத்தாவும் உம்மாவும் இருப்பது எனக்குத் தெரிந்தது. தென்னைகளில் எட்டுக் குழாய்கள் கட்டியிருந்தோம். திடல் நிறையச் சனம்.

தலைவர் இரண்டு வசனம் பேசினார். மூன்றாவது வசனத்தில் மைக் மீன் பொரிக்கிற சத்தம் போட்டது. நாலாவது வசனத்தில் செத்தது. வயரை மாற்றினேன். அது தொடங்கும்போதே செத்தது. மூன்றாவது வயர் ஒரு முறை ஊளையிட்டு அடங்கியது. மூடியைத் திருகிப் பார்த்தால் உள்ளே ஈரச் சாம்பல் குழம்பு போல இருந்தது. சனம் கூவத் தொடங்கியது. பொன்னாடையைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்ற சரீப் நாநாவின் முகம் கறுத்துவிட்டது.

முதலாளி மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். வெள்ளைச் சப்பாத்தில் சேறு. கிடுகோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, "ரபீக்கா, அந்தப் பேணியில என்ன வச்சிரிக்கிறாய்?" என்றார்.

"ஒரு வயர்."

"தா புள்ள, மானம் போகுது."

"தாறன். மைக்கில நீங்க பேசுற முதல் கதை, தொடைக்கிறது யாரெண்டதா இரிக்க வேணும்."

"சொல்றன். சத்தியமாச் சொல்றன்."

கிடுகு இடுக்கால் வயர் வந்தது. செருகினேன். ஒரு கரகரப்பு இல்லை. எட்டுக் குழாயும் கண்ணாடி போலத் தெளிவாகப் பேசின. பொன்னாடை போர்த்தினார்கள். முதலாளி மைக்கை நாலு தரம் ஊதினார், இரண்டு தரம் தட்டினார். நான் எழுதிக் கொடுத்த தாளை விரித்தார்.

"ஒவ்வொரு பிளக்கையும் என் கைகளாலேயே துடைத்து, ஒரு தாயைப் போல..."

சத்தியம் செய்து ஐந்து நிமிடமாகவில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தபோது கிடுகு இடுக்கால் ஒரு கை வந்தது. நாலு கண்ணாடி வளையல். அம்ப்ளிபையரில் இருந்த பிளக்கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, பக்குவமாக, வயரை இழுக்காமல் பிளக்கை மட்டும் இழுத்தது. டப் என்றது. முதலாளியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் இல்லை. கை பிளக்கோடு கிடுகுக்குள் போய்விட்டது.

அவர் ஊதினார். தட்டினார். மறுபடி ஊதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி?" அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக நான் தொண்டை திறந்து பேசினேன். "பிளக் ராத்தாட கையில முதலாளி! அதைத் துடைக்கிறவவும் அவதான். எண்டைக்கும் அவதான்!"

முன்வரிசை கேட்டுவிட்டது. சரீப் நாநா மேடை ஓரத்துக்கு வந்து, "என்ன கதை இது மச்சான்?" என்றார். முதலாளி கிடுகுப் பக்கம் குனிந்தார்.

"ரபீக்கா, குடு. இப்பச் சொல்றன்."

"சொல்லுங்க. பிறகு தாறன்."

"மைக் இல்லாம எப்பிடிச் சொல்றது?"

"உங்கட குரலைப் பத்தி எல்லாருக்கும் பெருமையடிப்பீங்களே. அந்தக் குரலால சொல்லுங்க."

நாடகக்காரர்கள் முகத்தில் சாயத்தோடு நின்று பல்லைக் கடித்தார்கள். திடல் முழுக்கக் கூவல். பொன்னாடை தோளிலிருந்து நழுவ, ஒலிச்செம்மல் மேடை நடுவில் போய் நின்று கத்தினார்.

"பிளக்கெல்லாம் தொடைக்கிறது என்ட பொஞ்சாதி!"

கீச்சென்ற அந்தக் குரல் நாலாவது வரிசையைத் தாண்டவில்லை. "கேக்கல்ல!" என்று பின்னாலிருந்து நூறு பேர் கத்தினார்கள். சிரிப்பு எழும்பியது. அவர் கைகளை வாய்க்கு இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டார்.

"பிளக்கெல்லாம் தொடைக்கிறது என்ட பொஞ்சாதி ரபீக்கா! நான் இல்ல!"

தென்னைகள் வரைக்கும் போனது. சரீப் நாநா வாயைத் திறந்தபடி நின்றார். இது போதும் என்று நான் கிடுகைப் பார்த்தேன். கை வரவில்லை. மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து ராத்தாவின் குரல் வந்தது, அவசரமே இல்லாமல்.

"என்ட உம்மாக்குக் கேக்கல்ல. இன்னொருக்காச் சொல்லுங்க."

மூன்றாவது முறை அவர் கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். ரபீக்கா என்ற பெயர் கடற்கரை வரை போய்த் திரும்பியது. அப்போது கிடுகுக்குள் உம்மாவின் குரல், காது மந்தமானவர்கள் பேசுகிற உரத்த குரல், பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது: "என்ட மகளைத்தான் சொல்றான். இவ்வளவு காலமும் இவள்தானாம்."

வளையல் கை வந்தது. பிளக்கை முந்தானை நுனியில் ஒரு தரம் துடைத்து, அம்ப்ளிபையரில் பக்குவமாகச் செருகிவிட்டுப் போனது. முதலாளி இந்த முறை ஊதவும் இல்லை, தட்டவும் இல்லை. மைக்குக்கு முன்னால் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டுக் குழாய்களிலும் மூதூர் முழுக்கக் கேட்டது அவருடைய மூச்சிரைப்புத்தான்.